பெருநாள் ஆட்டைத் தொங்கவிட்டு உரிப்பது: முதல் தடவை கத்தி பிடிப்பவர்களுக்கு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் பள்ளிவாசலில் உழ்ஹிய்யா (பெருநாளுக்கு ஆடு அறுத்துப் பங்கிடும் குர்பானி) வேலைக்குப் பெயர் எழுதத் தொடங்கிவிடுவார்கள். இறைச்சி துண்டுபோட, நிறுக்க, பொதி கட்ட, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்கள் குவிந்துவிடுவார்கள். உரிக்கிற இடத்துக்குத்தான் ஆள் குறைவு. துணிந்து வருகிற புதுப் பிள்ளைகளும் முதல் ஆட்டைக் கண்டதும் கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்காது. அதனால் இதை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். பெருநாளுக்கு முதல் இரவு ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

நான் கொழும்பு மாளிகாவத்தையில் பிறந்து வளர்ந்தவன். இந்த வேலையைச் சாச்சாவிடம் (வாப்பாவின் தம்பியிடம்) படித்தேன். முதன்முதலில் நான் தனியாக உரித்த தோலை அவர் இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஏழு இடத்தில் வானம் தெரிந்தது. ஒரு ஓட்டைக்குள் தன் சுட்டுவிரலை விட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "மகன், இந்தத் தோலும் ஸதகாதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அதைச் சாக்கில் போட்டார்.

அவர் சொன்னதன் பொருள் பெரியது. உழ்ஹிய்யா கொடுத்தவர் ஆட்டின் தோலை விற்றுக் காசாக்கக் கூடாது. அறுத்தவருக்கும் உரித்தவருக்கும் கூலியாகவும் கொடுக்கக் கூடாது; கூலியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இறைச்சி ஏழைக்குப் போகிற மாதிரி தோலும் தர்மமாகப் போக வேண்டியது. ஓட்டை விழுந்த தோலை வாங்குபவர் அதற்கு என்ன பெறுமதி கொடுப்பார்? றபான் என்கிற கைப்பறைக்கு ஆட்டுத்தோல்தான் கட்டுவார்கள். முதுகுப் பக்கத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்தத் தோல் அந்த வேலைக்கு உதவாது. அப்புறம் இன்னொன்றும் இருக்கிறது. கத்தி தோலைக் கிழிக்கிற இடத்திலெல்லாம் மயிரும் அழுக்கும் உள்ளே போய் இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உரிக்கிற வேலையில் கத்திக்குப் பங்கு குறைவு, கைமுஷ்டிக்குப் பங்கு அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

இடம், நாள், அனுமதி

கொழும்பில் நினைத்த இடத்தில் ஆடு அறுக்க முடியாது. இந்த நாட்டில் 1893ஆம் ஆண்டிலிருந்தே இறைச்சிக்காக விலங்குகளை அறுப்பதற்கு ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் அவசரமாக ஒன்றைச் செய்து, பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோக, கானுக்குள் (வடிகாலுக்குள்) இரத்தம் ஓடவிட்டுப் போவது பெருநாளுக்கு அழகல்ல. பள்ளி நிர்வாகத்தோடு சேர்ந்து செய்யுங்கள். மாநகர சபையிடம் கேட்பது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசுவது, ஆட்டைக் கொண்டுவருவதற்கான பத்திரங்கள் இவற்றையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் ஒவ்வொரு பெருநாளுக்கு முன்னும் அறிவுறுத்தல் வெளியிடும். அதையும் எடுத்து வாசியுங்கள்.

நாளைப் பற்றி ஒரு விஷயம். உழ்ஹிய்யாவுக்கு உரிய நேரம் துல்ஹஜ் மாதம் பிறை 10இல் பெருநாள் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பிறை 13இல் சூரியன் மறையும்வரை இருக்கிறது. பூரணையும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். 2025இல் இங்கே ஜூன் 7 பெருநாள், ஜூன் 10 பொசொன் போயா. கணக்குப் பார்த்தால் கடைசி நாளே போயா தினம். போயா அன்று இறைச்சிக் கடைகூடத் திறக்காத நாட்டில் நாம் அன்றைக்கு அறுப்பு வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவதுதான் சரி.

கூரை கட்டாயம் வேண்டும். பெருநாள் இப்போது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. மழை விட்டால் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டுமே இறைச்சிக்கு ஆகாது.

தொங்கவிட இரண்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்றை ஏழு அடி உயரத்தில் குறுக்கே கட்டினால் போதும். ஆட்டின் நிறை முப்பது கிலோதான் இருக்கும். ஆனால் தோலைக் கீழ்நோக்கி இழுக்கும்போது உங்கள் நிறையும் அதில் விழும். கட்டி முடித்ததும் இரண்டு பேர் அதில் தொங்கிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் நம்பலாம். தரை சீமெந்தாக இருக்கட்டும். கானின் வாயில் ஒரு வலையை வைத்துவிடுங்கள், கட்டிகள் எதுவும் உள்ளே போகாது.

என்னென்ன வேண்டும்

கத்தி இரண்டு. ஐந்து அல்லது ஆறு அங்குல அலகு போதும். நுனி கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தால் தோலைக் குத்தாது. பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் தேடினால் நல்லது கிடைக்கும். வீட்டில் தேங்காய் உடைக்கிற பெரிய கத்தியைக் கொண்டுவராதீர்கள். அது எலும்பு வெட்டுகிற இடத்துக்கு. கத்தி தீட்டுகிற உருக்குக் கம்பி ஒன்றும் வேண்டும். மழுங்கின கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை அமுக்கித்தான் வெட்ட வேண்டியிருக்கும். ஒரு ஆடு முடிந்ததும் நான்கைந்து தடவை கம்பியில் இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

துருப்பிடிக்காத இரும்பில் செய்த எஸ் வடிவக் கொக்கி இரண்டு. இரண்டு பின்னங்காலையும் அகட்டி வைக்க முழங்கை நீளத் தடி ஒன்று. விரல் தடிப்பில் நைலோன் கயிறு, சணல் நூல், பெரிய பேசின் மூன்று, சுத்தமான வெள்ளைத் துணி, கல்லுப்பு. கொதிநீர் ஒரு பானையில் அடுப்பின் மேலேயே இருக்கட்டும். கத்தியை அடிக்கடி அதில் முக்க வேண்டும். 82 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூடுதான் இதற்கு அறுப்புக்களங்களில் வைத்திருக்கிற அளவு. கையில் சிறு வெட்டு இருந்தாலும் பிளாஸ்டர் போட்டு மேலே கையுறை போடுங்கள். ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு.

அறுப்பதற்கு முன்

உரிப்பது சுலபமா கஷ்டமா என்பது முதல் நாளே தீர்மானமாகிவிடும். பன்னிரண்டு மணிநேரத்துக்கு முன் தீனியை நிறுத்துங்கள். தண்ணீரை மட்டும் கடைசிவரை வையுங்கள். வயிறு வற்றியிருந்தால் குடலை எடுப்பது எளிது. தண்ணீர் குடித்த ஆட்டின் தோல் இலகுவாகக் கழன்று வரும்.

ஆட்டை இழுக்கும்போது முதுகு மயிரைப் பிடிக்காதீர்கள். அந்த இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கட்டிவிடும். உரித்து முடிந்த உடம்பில் கையளவு கருஞ்சிவப்புத் திட்டைப் பார்த்தால், யாரோ அங்கே பிடித்து இழுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். தாடைக்குக் கீழே ஒரு கை, பின்பக்கத்தில் ஒரு கை வைத்து மெல்ல நடத்துங்கள். அதன் கண் முன்னே கத்தி தீட்டாதீர்கள். ஒரு ஆடு பார்த்துக்கொண்டிருக்க இன்னொன்றை அறுக்காதீர்கள். நபிகளார் நமக்குக் கற்றுத்தந்த இரக்கம் இது. கத்தியை நன்றாகக் கூராக்கிப் பிராணிக்கு ஆறுதல் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். அறுப்பதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகுள்ள வேலையைப் பற்றியது.

தொங்கவிடுவது

அறுத்ததும் அவசரப்படக் கூடாது. உயிர் முழுதாகப் பிரியும் முன் தோலில் கத்தி வைப்பது பாவம். மூச்சு நின்று, கால் உதறல் அடங்கி, இரத்தம் சொட்டுச் சொட்டாகக் குறையும்வரை நில்லுங்கள். கருவிழியை விரலால் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால்தான் அடுத்த வேலை.

முதலில் கழுத்தில் உணவுக்குழாயைத் தேடுங்கள். மூச்சுக்குழாய் வளையம் வளையமாக, அமுக்கினால் விறைப்பாக இருக்கும். அதற்குப் பின்னால் மெத்தென்று சிவந்த குழாய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் உணவுக்குழாய். அதை இரண்டு அங்குலம் பிரித்தெடுத்துச் சணல் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இதை மறந்தால் ஆட்டைத் தலைகீழாகத் தூக்கிய உடனே இரைப்பையில் இருக்கிற பச்சைத் தண்ணீர் கழுத்து இறைச்சி முழுவதும் வழியும். புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

தலையை மண்டை ஓடும் முதல் கழுத்தெலும்பும் சேர்கிற மூட்டில் பிரித்து எடுங்கள். தலையையும், முட்டுக்குக் கீழே வெட்டி எடுக்கிற நான்கு காலையும் தோலோடு வேறாக வையுங்கள். அவை பிறகு நெருப்பில் வாட்டப்படும். கிடாயின் கொம்புக்குப் பின்னால் வாசனைச் சுரப்பி இருக்கிறது. கிடாய் நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. தலையைப் பிடித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உடம்புக்கு வர வேண்டும்.

இனிப் பின்னங்கால். முட்டுக்கு மேலே பின்பக்கமாகத் தடவினால் கயிறு மாதிரி ஒரு பெரிய நரம்பு கைக்குப் படும். அதற்கும் எலும்புக்கும் நடுவே தோல் மட்டும் மெல்லியதாக இருக்கும். அங்கே ஒரு சிறு கீறல் போட்டு அதற்குள் கொக்கியை மாட்டுங்கள். நரம்பில் கத்தி படக் கூடாது. நரம்பு அறுந்தால் மாட்டுவதற்கு வேறு இடம் இல்லை, நடுவேலையில் ஆடு கீழே விழும். இரண்டு காலையும் மாட்டி, இடையில் தடியை வைத்து அகட்டி, உயரத்தைச் சரிபாருங்கள். ஆட்டின் தொடை உங்கள் முகத்துக்கு நேரே இருந்தால் போதும். கழுத்து தரையிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே நிற்கட்டும்.

உரிப்பது

உடம்பில் சூடு இருக்கும்போதே தொடங்குங்கள். சூட்டோடு தோல் சட்டை மாதிரிக் கழன்று வரும். அரை மணிநேரம் தேநீர் குடிக்கப் போய் வந்தால் அதே தோல் பிசின் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு சட்டத்தை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இடக்கை மயிருக்கு, வலக்கை இறைச்சிக்கு. இடக்கை தோலின் வெளிப்பக்கத்தைப் பிடித்து இழுக்கும். அது இறைச்சியைத் தொடாது. வலக்கை உள்ளே வேலை செய்யும். அது மயிரைத் தொடாது. மாறித் தொட்டுவிட்டால் நிறுத்தி, கழுவி, பிறகு தொடருங்கள். ஆட்டில் மிக அழுக்கான இடம் அதன் மயிர்தான். உள்ளே இருக்கிற இறைச்சி சுத்தமாகவே இருக்கிறது. அதை அழுக்காக்குவது நம் கைதான்.

முதல் வெட்டு பின்னங்கால் முட்டைச் சுற்றி, வளையல் போட்ட மாதிரி. அங்கிருந்து தொடையின் உள்பக்கமாக ஆசனவாய்வரை ஒரு நேர்கோடு. மற்றக் காலிலும் அப்படியே. இந்தக் கோடுகளைப் போடும்போது கத்தியின் கூர் உங்களைப் பார்த்து, வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நுனியை மட்டும் தோலுக்கடியில் நுழைத்து உள்ளிருந்து வெளியே வெட்டுங்கள். வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் அறுந்த மயிர் நூற்றுக்கணக்கில் இறைச்சியில் கொட்டும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டிவரும், கழுவினாலும் போகாது.

பிறகு ஆசனவாயைச் சுற்றி வெட்டித் தோலை விடுவித்து, வாலை உள்ளிருந்து மூட்டில் அறுத்துத் தோலோடு விட்டுவிடுங்கள். அங்கிருந்து வயிற்றின் நடுவே நெஞ்சுவரைக்கும் கழுத்துவரைக்கும் ஒரே கோடு. வயிற்றில் தோல் மெல்லியது, அதற்குக் கீழே வயிற்றுச்சுவர் அதைவிட மெல்லியது. இடக்கையால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெட்டுங்கள். முன்னங்காலில் முட்டிலிருந்து உள்பக்கமாக நெஞ்சுக்கு ஒரு கோடு. கத்தி வேலையில் பெரும்பங்கு இதோடு முடிந்தது. கத்தியைக் கொதிநீரில் போட்டுவிடுங்கள்.

இனிக் கைமுஷ்டி. தொடையில் தோலின் ஓரத்தை இடக்கையால் இழுத்துப் பிடியுங்கள். தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே பால்வெள்ளையாக ஒரு சவ்வு தெரியும். வலக்கையைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, மடக்கி, பெருவிரலை முன்னே வைத்து அந்தச் சவ்வுக்குள் தள்ளுங்கள். பலத்தை இறைச்சி மேல் போடாமல் தோல் மேல் போடுங்கள். கை தோலை வருடிக்கொண்டே போகிற மாதிரி இருக்க வேண்டும். சரியாகப் போனால் பழைய துணியை மெதுவாகக் கிழிக்கிற ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் கை சரியான இடத்தில் இருக்கிறது. சத்தம் நின்று பாரமாக இருந்தால் கை இறைச்சிக்குள் போகிறது. வெளியே எடுத்து, வேறு பக்கமாகத் தொடங்குங்கள்.

தொடை முடிந்து விலாவுக்கு வரும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். அங்கே மெல்லிய சிவந்த சதைத்தாள் ஒன்று தோலோடு சேர்ந்துகொண்டு வரப் பார்க்கும். அது இறைச்சியோடு தங்க வேண்டியது. தோலோடு போனால் விலா வெறுமையாகி உலர்ந்துபோகும். அதை விரலால் இறைச்சிப் பக்கம் தள்ளிவிட்டு, அதற்கு வெளியே முஷ்டியைச் செலுத்துங்கள். உரித்து முடிந்த உடம்பு முழுவதும் வெள்ளைச் சவ்வு போர்த்தின மாதிரிப் பளபளவென்று இருந்தால் நீங்கள் நல்ல உரிப்பாளர். அந்தச் சவ்வுதான் இறைச்சியை ஈயிலிருந்தும் தூசியிலிருந்தும் காக்கிற முதல் போர்வை.

இரண்டு பக்கமும் விலாவரை விடுபட்டதும் முதுகு சுலபம். தோலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, உடம்பின் நிறையைக் கொடுத்து நேரே கீழ்நோக்கி இழுங்கள். வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுத்தால் முதுகுத்தோல் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கும். றபான்காரர் பார்க்கிறது இந்தப் பகுதியைத்தான். இங்கே கத்தியே வேண்டாம்.

தோள்மூட்டிலும் கழுத்திலும் தோல் இறுகிப் பிடித்திருக்கும். அங்கே மட்டும் கத்தியைத் திரும்ப எடுங்கள். நுனியைத் தோல் பக்கம் திருப்பாமல், கொஞ்சம் இறைச்சிப் பக்கம் சாய்த்து, சின்னச் சின்னதாகத் தொடுங்கள். கழுத்தில் ஓர் அவுன்ஸ் இறைச்சி தோலோடு போனாலும் பரவாயில்லை, ஓட்டை விழக் கூடாது.

சிலர் காலில் ஒரு துளை போட்டு வாயால் ஊதித் தோலை உப்பவைத்து உரிப்பார்கள். பழைய முறைதான், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஊதுபவரின் வாயில் இருப்பதெல்லாம் ஊரார் சாப்பிடப்போகிற இறைச்சிக்குள் போகிறது. காசநோய் இன்னும் இருக்கிற நகரம் இது. எங்கள் இடத்தில் நாங்கள் இதை நிறுத்திப் பல வருடமாகிறது. முஷ்டி பழகிவிட்டால் அதன் தேவையே இல்லை.

வயிற்றைத் திறப்பது

அறுத்த நேரத்திலிருந்து அரை மணிநேரத்துக்குள் குடல் வெளியே வந்துவிட வேண்டும். இந்த வெக்கையில் இரைப்பைக்குள் வாயு பெருகிக்கொண்டே போகும்.

ஆசனவாய்க் குடலைச் சுற்றி விடுவித்து, ஒரு சின்ன ஷொப்பிங் பேக்கைப் போட்டு நூலால் கட்டி உள்ளே தள்ளிவிடுங்கள். பிறகு தொடைகளுக்கு நடுவே வயிற்றுச்சுவரில் சிறு துளை. இடக்கையை நன்றாகக் கழுவிவிட்டு அதன் இரண்டு விரலை உள்ளே விட்டு, கத்தியின் கூரை வெளிப்பக்கம் திருப்பி விரல்களுக்கு நடுவே வைத்து, நெஞ்செலும்புவரை இறக்குங்கள். உங்கள் விரல்கள் குடலைப் பின்னே தள்ளிக்கொண்டு வரும். கத்திக்குக் குடல் எட்டாது. கீழே பேசின் இருக்கட்டும். இரைப்பையும் குடலும் தம் பாரத்திலேயே சரிந்து வரும். கையால் தாங்கி இறக்குங்கள், விழவிடாதீர்கள். மூத்திரப்பையின் கழுத்தைக் கிள்ளிப் பிடித்து அறுத்து எடுங்கள்.

ஈரலை எடுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் பச்சைப் பையைப் பாருங்கள். அது பித்தப்பை. அதைப் பிதுக்காமல், ஈரலில் ஒரு துண்டு சேர்ந்து போனாலும் சரியென்று வெட்டி எடுங்கள். பித்தம் சிந்தின இடத்தை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. ஈரலையும் சுவாசப்பையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெள்ளை முடிச்சு, நீர் நிறைந்த குமிழி, தட்டைப்புழு எது கண்டாலும் ஒதுக்கி வைத்துப் பரிசோதகரிடம் காட்டுங்கள். நாய்க்கும் போடாதீர்கள். அந்த நீர்க்குமிழி நாய்க்குள் போய்ப் புழுவாகித் திரும்ப மனிதரிடம் வருகிற ஒரு வகை உண்டு.

நல்ல ஈரல் நேரே வீட்டுக்குப் போகும். பெருநாள் அன்று உழ்ஹிய்யா ஈரலைப் பொரித்துச் சாப்பிடுவதற்கு ஈடு வேறில்லை. பாபத்தை (இரைப்பையையும் குடலையும்) தனி இடத்தில், உரிக்கிற இடத்திலிருந்து தள்ளி, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள்.

உடம்பை மட்டும் குழாய் பிடித்துக் கழுவாதீர்கள். எல்லோருக்கும் கை துடிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் ஓரிடத்து அழுக்கை உடம்பெல்லாம் பரப்பும், ஈரம் கெடுதலைக் கூட்டும். அழுக்குப்பட்ட இடத்தைக் கத்தியால் மெல்லியதாகச் சீவி எறியுங்கள். இரத்தத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். அரை மணிநேரம் நிழலில், காற்றுப்படத் தொங்கட்டும். மேற்பரப்பு உலர்ந்து தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் வெட்டுகிற மேசைக்கு அனுப்புங்கள்.

சூட்டோடு ஷொப்பிங் பேக்கில் அமுக்கிக் கட்டினால் நடு இறைச்சி ஆறாமல் புளித்துப்போகும். வீட்டுக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: உடனே ஃப்ரீசரில் போட வேண்டாம், தட்டில் பரப்பி ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் பிறகு உறையவைக்கட்டும். விறைப்பு ஏறி இறங்கும் முன்பே உறைந்த இறைச்சி எவ்வளவு அவித்தாலும் இழுக்கும்.

மான் பற்றிக் கேட்பவர்களுக்கு

கனடாவில் இருக்கிற என் மச்சான் ஒருமுறை வீடியோ அழைப்பில் கராஜ் கூரையில் தொங்கும் மான் ஒன்றைக் காட்டி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டார். ஒண்டாரியோவில் உரிய பத்திரம் எடுத்து இலையுதிர் காலத்தில் மான் வேட்டையாடலாம். ஆடு உரிக்கத் தெரிந்தவருக்கு மான் புதிதல்ல. கொக்கி மாட்டும் நரம்பு, வெட்டுக் கோடுகள், முஷ்டி எல்லாம் ஒன்றுதான். வேறுபாடு மூன்றைச் சொன்னேன். வேட்டையாடிய இடத்திலேயே குடலை எடுத்துவிட வேண்டும், தொங்கவிடும்வரை காத்திருக்க முடியாது. பின்னங்கால் முட்டின் உள்பக்கம் மயிர்க்கற்றையோடு ஒரு வாசனைச் சுரப்பி இருக்கும், நாம் கொக்கி மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே. அதைத் தொட்ட கையோ கத்தியோ இறைச்சியில் படக் கூடாது. மூன்றாவது, மானுக்குப் பித்தப்பை கிடையாது. ஈரலில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே குளிரில் மானை நாட்கணக்காகத் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்கள். கொழும்பு வெக்கையில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

இங்கே மானையும் மரையையும் வேட்டையாடுவது குற்றம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றைக் காக்கிறது. மான் இறைச்சி என்று யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள்.

தோலும் கழிவும்

உரித்த தோலை மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்கு ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மாலையில் பார்த்தால் மயிர் கையோடு கழன்று வரும், தோல் அழுகத் தொடங்கியிருக்கும். இவ்வளவு கவனமாக உரித்தது வீண். இதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். உரித்து மூன்று நான்கு மணிநேரத்துக்குள் உப்புப் போட்டாக வேண்டும்.

தோலை மயிர்ப்பக்கம் கீழே இருக்க விரித்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். தோலின் நிறையில் மூன்றில் ஒரு பங்காவது உப்பு வேண்டும். ஒரு சாதாரண ஆட்டுத்தோலுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொட்டி ஓரம்வரை உள்ளங்கையால் தேயுங்கள். கால் பகுதியும் கழுத்து மடிப்பும் விடுபடக் கூடாது, அழுகல் அங்கேதான் தொடங்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சாய்வாக வையுங்கள்.

கழிவுக்குக் காகம்தான் பெரிய பிரச்சினை. பேசினை ஐந்து நிமிடம் மூடாமல் விட்டால் மருதானைப் பாலத்துக் காகமெல்லாம் வந்து சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு குடல் துண்டு கிடந்தால் நம் பெருநாள் அவர்களுக்குத் தொந்தரவாகிவிடும். இரைப்பைச் சாணத்தையும் வேண்டாத உறுப்புகளையும் இரட்டைப் பையில் கட்டி, மூடியுள்ள பீப்பாயில் போட்டு, மாநகர சபை வாகனம் வரும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு அவர்களிடமே ஒப்படையுங்கள். தரையை முதலில் பச்சைத் தண்ணீரால் கழுவுங்கள். சூடுதண்ணீர் ஊற்றினால் இரத்தம் உறைந்து சீமெந்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சவர்க்காரத் தூள், கடைசியில் குளோரின் கலந்த தண்ணீர்.

வேலை முடிந்ததும் கொக்கிகளையும் கத்திகளையும் எண்ணிப் பாருங்கள். கழுவி, கொதிநீரில் முக்கி, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். தோல் அடுக்கை மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) முன் ஒருமுறை எண்ணி, எத்தனை என்று பள்ளிக் கொப்பியில் எழுதி, ஓட்டை இல்லாததை மேலே வைத்து எடுக்க வருபவரிடம் கொடுங்கள்.